போக எட்டு மணி, திரும்ப ஏழு மணி: விமானப் பயண நேரம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 5,550 கி.மீ. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. ஆறேகால் மணி நேரத்துக்குள் போக வேண்டாமா? டிக்கெட்டில் எட்டு மணி என்று இருக்கிறதே?

பதில்: வகுத்தது சரிதான். ஆனால் டிக்கெட்டில் போடுவது வெறும் பறக்கும் நேரம் இல்லை. இந்த ஊரில் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அந்த ஊரில் போய் நிற்பது வரை எல்லாம் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, இதற்கெல்லாம் சேர்த்து முக்கால் மணி கூட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் ஒரு மணியை எதிர்க்காற்று தின்றுவிடும்.

கேள்வி: பூமி கிழக்கு நோக்கித்தானே சுற்றுகிறது? மேற்கே போகிற விமானத்தை நோக்கி ஊரே வர வேண்டுமே. அப்புறம் ஏன் கூடுதல் நேரம்?

பதில்: என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ஓடும் ரயிலுக்குள் குதித்துப் பாருங்கள், குதித்த இடத்திலேயே விழுவீர்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, அதற்குள் பறக்கும் விமானமும் அப்படியே. வித்தியாசம் வருவது ஜெட் காற்றால். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். கிழக்கே போகிறவர்கள் அதைத் தேடிப்போய்ச் சேர்ந்துகொள்வார்கள், மேற்கே போகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள். (அந்தக் காற்று கிழக்கே திரும்புவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. ஆக, உங்கள் சந்தேகம் முழுக்க வீண் இல்லை.)

2020 பிப்ரவரியில் சியாரா புயல் வீசியபோது நியூயார்க்கில் கிளம்பிய ஒரு போயிங் 747, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கிவிட்டது. தரைக்கணக்கில் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல்! ஒலியை முந்தியதா என்றால், இல்லை. சுற்றியிருந்த காற்றுக்குள் அது எப்போதும் போகிற வேகத்தில்தான் போனது. காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போக கிரீன்லாந்து வழியா? சுற்றுவழி இல்லையா?

பதில்: உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் கிரீன்லாந்து மேல்தான் போகும். தட்டைப் படம்தான் அதை வளைத்துக் காட்டுகிறது.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறினால், லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்கலாமாம். இதில் பயண நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இரண்டையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ 9 மணி முன்னால், அதனால் கிளம்பியது காலை 8. லாஸ் ஏஞ்சலஸ் குளிர்காலத்தில் 8 மணி பின்னால், அதனால் இறங்கியது மாலை 6. பத்து மணி நேரம். நடுவில் தேதிக் கோட்டைத் தாண்டியதால்தான் அந்த நாள் இரண்டாம் முறை விடிந்தது.

கேள்வி: தூரம் மாறாதபோது பயண நேரம் நிரந்தரமாகக் கூடுமா?

பதில்: கூடும். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு ஒன்பதரை மணி. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு ஏறத்தாழ பதின்மூன்று. ஊர்கள் நகரவில்லை, வழிதான் போய்விட்டது.