நட்சத்திரம் போட்ட கேள்வியும் நழுவும் பதிலும்

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடக்கும்போதெல்லாம் கேள்வி நேரத்தைப் பற்றிய சந்தேகங்களோடு கடிதங்கள் வந்துவிடும். ஒரு மத்திய அமைச்சகத்தில், உறுப்பினர்களின் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனின் பதில்கள் இவை. அந்தச் சாய்வு கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்விப் பட்டியலில் சில எண்களுக்கு நட்சத்திரக் குறி இருக்கிறது. அவை முக்கியமான கேள்விகள் என்று அர்த்தமா?

இல்லை. அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று அர்த்தம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20, மாநிலங்களவையில் 15. நட்சத்திரம் இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் 230, மாநிலங்களவையில் 160 வரை. யாருடைய கேள்வி எந்த இடத்தில் வரும் என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. எனவே அற்பமான கேள்வி முதலிடத்தில் வந்து உட்காருவதும், ஊரே காத்திருக்கும் கேள்வி பதினெட்டாவது இடத்துக்குப் போவதும் சகஜம். பதினெட்டாவது என்றால் வாய்ப்பே இல்லை. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

அவையை ஒத்திவைத்துவிட்டால் அன்றைய கேள்விகள் அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது. முறை வராத நட்சத்திரக் கேள்விகளின் பதில்கள் எழுத்துப் பதில்களாக மாறி அவைக் குறிப்பில் சேர்ந்துவிடும். தாள் பத்திரம். ஆனால் பதிலைக் கேட்டதும் அதன்மேல் அங்கேயே துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு போய்விட்டது. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே இல்லாமல் கூட்டத்தொடரை நடத்தினார்களே, அப்போதும் எழுத்துப் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. இழந்தது என்ன என்பதற்கு அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

15 நாட்களுக்கு முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்தால் அது என்ன தேர்வு?

இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பியவர் ஓர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். நியாயமான கோபம், ஆனால் குறி தவறுகிறது. அச்சிட்ட கேள்வி வெறும் கதவு. உண்மையான தேர்வு அதற்குப் பின்னால் வரும் துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. கேட்ட உறுப்பினர் இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அப்புறம் அவைத் தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது.

இந்த உரிமையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1892 சட்டத்தில்தான் இந்தியாவில் சட்ட மன்றத்தில் கேள்வி கேட்கவே அனுமதி கிடைத்தது. பதிலைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். 1909-இல், கேட்டவர் மட்டும் ஒரு துணைக் கேள்வி போடலாம் என்று தளர்த்தினார்கள். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் மற்ற உறுப்பினர்களும் துணைக் கேள்வி கேட்க முடிந்தது. வெள்ளைக்காரர்கள் எதைக் கடைசி வரை பிடித்துவைத்திருந்தார்கள் என்று பாருங்கள், எது கூர்மையானது என்பது புரியும்.

அமைச்சகத்துக்குள் நடப்பதைச் சொல்கிறேன். நட்சத்திரக் கேள்வி ஒன்று வந்துவிட்டால் பதில் ஒரு பக்கம்தான். அதோடு போகும் குறிப்பு, நாங்கள் ‘நோட் ஃபார் பேட்’ என்போம், ஐம்பது அறுபது பக்கம் இருக்கும். உறுப்பினர் எந்தத் தொகுதி, போன வருடம் என்ன கேட்டார், அவர் மாவட்டத்தில் எந்தத் திட்டம் முடங்கிக் கிடக்கிறது, இன்று காலைப் பத்திரிகையில் என்ன வந்தது எல்லாம் அதில் ஏறும். முதல் நாள் இரவு செயலாளர் அறையில் உட்கார்ந்து, அமைச்சரை என்னவெல்லாம் கேட்பார்கள் என்று நாங்களே கேட்டுப் பார்ப்போம். அந்தக் கேள்வி நாளுக்குப் பயந்தே கிடப்பில் இருந்த கோப்புகள் நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவையில் அந்தக் கேள்வியின் முறை வரவே இல்லை என்றாலும் கோப்பு நகர்ந்தது நகர்ந்ததுதான்.

ஒருமுறை முப்பத்தெட்டு துணைக் கேள்விகளுக்குத் தயாராகப் போனோம். எழுந்த உறுப்பினர் கேட்டது ஒரே வரி: “நீங்கள் சொல்லும் இந்த எண்ணிக்கை எந்தத் தேதி நிலவரம்?” அந்தத் தேதியை மட்டும் நாங்கள் எழுதி வைக்கவில்லை.

“தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்” என்று பதில் வருகிறதே. அப்புறம் வைக்கிறார்களா?

பலருக்குத் தெரியாத விஷயம் இதில் இருக்கிறது. இப்படி ஒரு வாக்கியத்தை அமைச்சர் சொல்லிவிட்டால் அது கணக்கில் ‘உறுதிமொழி’ ஆகிவிடுகிறது. “பரிசீலிக்கிறேன்”, “விசாரித்துச் சொல்கிறேன்” போன்றவையும் அப்படித்தான். இவற்றைப் பின்தொடரவே ஒரு குழு உண்டு, அரசு உறுதிமொழிகள் குழு. மக்களவையில் 1953 முதல், மாநிலங்களவையில் 1972 முதல் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. முடியாவிட்டால் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும், இல்லை கைவிட அனுமதி கேட்க வேண்டும். அமைச்சர்கள் இந்தக் குழுவில் உறுப்பினராக முடியாது.

நடைமுறையில் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கி வருடக்கணக்கில் இழுப்பதுண்டு. இருந்தாலும், அந்தக் குழு செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கும்போது தொலைக்காட்சி கிடையாது, மேசை தட்ட ஆள் கிடையாது. அங்கே வேர்ப்பதுபோல அவையில் யாருக்கும் வேர்ப்பதில்லை.

இதனாலேயே அதிகாரிகள் வேறு வகை வாக்கியங்களைக் கண்டுபிடித்தார்கள். “இத்தகைய தரவு பராமரிக்கப்படுவதில்லை.” இது உறுதிமொழி ஆகாது, யாரும் துரத்த முடியாது. 2020 ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டபோது வந்த பதில் இதுதான். இழப்பீடு பற்றிய பகுதிக்கு, தரவே இல்லாததால் ‘கேள்வி எழவில்லை’ என்று எழுதினார்கள். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் வந்த இன்னொரு பதிலும் நினைவிருக்கலாம்: ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்றது. ‘குறிப்பாகத் தெரிவிக்கவில்லை’ என்பதில் ‘குறிப்பாக’ என்ற ஒரு சொல் எத்தனை பாரம் சுமக்கிறது! பதில் எழுதிப் பழகியவன் என்ற முறையில் அந்தச் சொல்லின் தொழில்நேர்த்தியை ஒப்புக்கொள்கிறேன். மனிதன் என்ற முறையில் அதை நான் எழுதவில்லையே என்று நிம்மதிப்படுகிறேன்.

ஆளுங்கட்சி உறுப்பினர்களே அமைச்சரைக் கேள்வி கேட்கிறார்கள். பேசி வைத்துக்கொண்ட நாடகம்தானே?

பெரும்பாலும். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள், ‘டோரதி டிக்ஸர்’. டோரதி டிக்ஸ் என்பவர் வாசகர்களுக்கு ஆலோசனை சொல்லிக் கேள்வி-பதில் எழுதிய அமெரிக்கர். பதில் சொல்ல வசதியாகக் கேள்விகளைத் தானே எழுதிக்கொண்டார் என்று அவர்மீது பேச்சு உண்டு. (நான் அப்படிச் செய்வதில்லை. ஆசிரியர் கேள்விக்கு வேறு யாராவது உரிமை கொண்டாடினால் சொல்லுங்கள்.)

ஆனால் நம் நாடாளுமன்ற வரலாற்றில் ஓர் அமைச்சரைக் கவிழ்த்த முதல் பெரிய கேள்விக்கணை ஆளுங்கட்சி வரிசையிலிருந்துதான் வந்தது. 1957-இல், தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத அரசின் ஆயுள் காப்பீட்டுக் கழகம், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. பாலிசிதாரர்களின் பணத்தை ஏன் அங்கே போட்டீர்கள் என்று விடாமல் பிடித்தவர் காங்கிரஸ் உறுப்பினர் பெரோஸ் காந்தி. பிரதமர் நேருவின் மருமகன். எதிரில் இருந்த நிதியமைச்சர் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. விஷயம் முற்றி, நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். மாமனார் அரசு, மருமகன் கேள்வி. இந்த மாதிரி நாடகம் என்றால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

எங்கள் ஊர் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைக்காலம் முழுக்க இடுப்பளவு தண்ணீர். எம்.பி.யிடம் இரண்டு முறை மனு கொடுத்தேன். நாடாளுமன்றத்தில் கேட்கவே இல்லை. ஏன்?

நீங்கள் கொடுத்தது மனு, கேள்வி இல்லை. அதைக் கேள்வியாக்க அவர் அலுவலகத்தில் ஆள் இருந்திருக்காது. நீங்களே எழுதிக் கொடுங்கள், ஏற்கப்படும் வாய்ப்பு கூடும்.

முதலில், யாருடைய பொறுப்பு என்று பிரியுங்கள். ரயில்வே மத்திய அரசு, எனவே சுரங்கப்பாதை பற்றிக் கேட்கலாம். அதற்குப் போகும் சாலையும் வடிகாலும் உள்ளாட்சியுடையதாக இருந்தால், அதை மக்களவையில் கேட்க முடியாது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்று தள்ளிவிடுவார்கள். அந்தப் பாதியை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுங்கள். சட்டமன்றத்திலும் கேள்வி நேரம் உண்டே.

அடுத்தது வார்த்தைகள். விதிப்படி கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். கிண்டல், குற்றச்சாட்டு, அடைமொழி கூடாது. அமைச்சரின் அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. கற்பனையான நிலைமையை வைத்துக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும் ஆகாது. “மக்கள் படும் அவதியை ரயில்வே அமைச்சர் உணர்ந்திருக்கிறாரா?” என்று எழுதினால் “அரசு பயணிகள் நலனில் உறுதியாக உள்ளது” என்று பதில் வரும். நானே ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவேன். இப்படி எழுதிப் பாருங்கள்: (அ) அந்தக் கோட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் தண்ணீர் தேங்குவதாகப் புகார் வந்த சுரங்கப்பாதைகள் எத்தனை, அவை எவை, (ஆ) அவற்றில் நீரேற்றும் மோட்டார் பொருத்தப்பட்டவை எத்தனை, (இ) மற்றவற்றுக்கு நிதி ஒதுக்கப்பட்டதா, பணி முடியும் தேதி என்ன.

இதற்குப் பதில் எழுதுவது எனக்கு நான்கு நாள் வேலை. கோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி போகும், அங்கிருந்து பொறியாளருக்குப் போகும், அவர் போய்ப் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே? நட்சத்திரக் கேள்வியாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். மாவட்டவாரி அட்டவணைகள் எல்லாம் வருவது எழுத்துப் பதில்களில்தான். அவற்றை நாடாளுமன்றத்தின் சன்சத் (sansad.in) இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பத்திரிகைக்காரர்களே சரியாகப் படிப்பதில்லை.

இங்கிலாந்தில் வாரந்தோறும் பிரதமரையே நிறுத்தி வைத்துக் கேட்கிறார்கள். நமக்கும் அது வேண்டாமா?

வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், கொஞ்சம் தயக்கத்தோடு. அங்கே 1961-இல் செவ்வாய், வியாழன் தலா 15 நிமிடம் என்று ஒதுக்கினார்கள். 1997-இல் டோனி பிளேர் வந்து புதன்கிழமை அரை மணி நேரம் என்று மாற்றினார். முன்கூட்டியே கொடுக்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பிரதமரின் இன்றைய நிகழ்ச்சிகள் என்ன? அது சும்மா சாவி. திறந்ததும் துணைக் கேள்வியாக எதையும் கேட்கலாம். பார்க்கச் சுவாரசியம்தான், ஆனால் தகவல் என்று பார்த்தால் தேறுவது குறைவு. கனடாவில் தினமும் முக்கால் மணி நேரம், கேள்விக்கு 35 வினாடி, பதிலுக்கு 35 வினாடி. அந்த அவகாசத்தில் வசனம்தான் பேச முடியும்.

எனக்குப் பிடித்தது பின்லாந்து வழி. 200 உறுப்பினர்களில் 20 பேர் ஒரு கேள்வியில் கையெழுத்திட்டால் அரசு 15 நாளுக்குள் அவையில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் திருப்தி இல்லை என்றால் நம்பிக்கை வாக்கெடுப்பு வரை போகலாம்.

அமைச்சர் பொய் சொன்னால்?

தவறு என்று தெரிந்தால் உறுப்பினர் சபாநாயகருக்கு எழுதலாம். அமைச்சர் விளக்கமோ திருத்தமோ தரும்படி ஆகும். மக்களவையில் இதற்குத் தனி வழிகாட்டு நெறி இருக்கிறது, எண் 115. தெரிந்தே திசைதிருப்பினார் என்றால் உரிமை மீறல். ஆனால் ‘தெரிந்தே’ என்பதை நிரூபிக்க வேண்டுமே, அங்கேதான் நிற்கும். பிரிட்டனில் 1963 மார்ச்சில் தன் தனிப்பட்ட உறவு பற்றி அவையில் மறுத்த போர்த்துறை அமைச்சர் ஜான் புரொபியூமோ, ஜூனில் பதவி விலகியபோது ஒப்புக்கொண்ட குற்றம் அவைக்குப் பொய் சொன்னதுதான். நம் பதில்களில் நேரடிப் பொய் அபூர்வம், மேலே சொன்ன ‘குறிப்பாக’க்களே போதும்.

காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டவர்கள் என்ன ஆனார்கள்?

2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் சிக்கிய 11 பேரை, மக்களவையில் 10, மாநிலங்களவையில் ஒருவர், அவைகளே நீக்கின. 2007-இல் உச்ச நீதிமன்றமும் அந்த நீக்கம் செல்லும் என்றது. விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு ஒரு கேள்விக்கு மதிப்பு இருக்கிறது என்று வியாபாரிகளுக்குத் தெரிந்திருக்கிறது. வாக்காளர்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த மாதம் டெல்லி போகிறோம். மகள் பத்தாம் வகுப்பு. கேள்வி நேரத்தை நேரில் பார்க்கலாமா?

பார்க்கலாம். உங்கள் தொகுதி எம்.பி. மூலம் பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்குங்கள், சீக்கிரமாகக் கேளுங்கள். கைப்பேசி உள்ளே போகாது. மக்களவை என்றால் காலை 11 மணி. மாநிலங்களவையில் 2014 முதல் பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லோரும் அமைச்சரைத்தான் பார்ப்பார்கள். மகளிடம் அதிகாரிகள் மாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். துணைக் கேள்வி ஒன்று இடறியதும் அங்கே ஒருவர் குனிந்து அவசரமாக எழுதுவார். அவைப் பணியாளர் அந்தத் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு நடப்பார். சீட்டு போய்ச் சேரும் வரை அமைச்சர் “மாண்புமிகு உறுப்பினர் மிக முக்கியமான விஷயத்தை எழுப்பியிருக்கிறார்” என்று பேசிக்கொண்டிருப்பார்.