கருந்துளை நட்சத்திரப் பிறப்பைத் தடுக்குமா, தூண்டுமா?

போன சனிக்கிழமை ராத்திரி முட்டம் கடற்கரையில் எட்டு அங்குலத் தொலைநோக்கி வைத்து சென்டாரஸ் ஏ கேலக்ஸியை (கேலக்ஸி என்றால் கோடானுகோடி நட்சத்திரங்களின் கூட்டம்) பார்த்தோம். மங்கலான பஞ்சுருண்டை, அதன் குறுக்கே ஒரு கறுப்புத் தூசுப் பட்டை. அதன் நடுவில் இருக்கும் கருந்துளை வாயுவை வெளியே தள்ளும் என்று சொன்னதுமே ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். அங்கே விட்டுப்போனவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: கருந்துளை எல்லாவற்றையும் விழுங்கும் என்றுதானே சார் பாடம் நடத்துகிறோம். அது எப்படி வெளியே தள்ளும்?

நேராக உள்ளே விழுந்துவிடாது டீச்சர். வாயு சுழன்று சுழன்று தட்டு போலச் சேர்ந்து, உராய்ந்து கடுமையாகச் சூடேறும். விழும் பொருளின் நிறையில் சுமார் 10 சதவீதம் ஆற்றலாக வெளியேறுகிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது கிடைப்பது 0.7 சதவீதம்தான். அந்த ஆற்றல் ஒளியாகவும் காற்றாகவும், சில கேலக்ஸிகளில் ஒளிவேகத்தை நெருங்கும் ஜெட்டாகவும் (ஒடுங்கிப் பீறிடும் தாரை) கிளம்பும். கருந்துளைக்கு இப்படி இரை கிடைத்துக்கொண்டிருக்கும் மையத்தைத்தான் ‘செயல்படும் கேலக்ஸி மையம்’ என்கிறோம்.

குளச்சல், விசைப்படகுத் தொழிலாளி: அதனால நட்சத்திரம் பிறக்கிறது நின்னு போகுமா அண்ணே?

பல இடங்களில் அப்படித்தான். நட்சத்திரம் பிறக்க வாயு நன்றாகக் குளிர வேண்டும். மைனஸ் 260 டிகிரி வாக்கில் இருந்தால்தான் தன் எடையிலேயே சுருங்கும். பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவில் உள்ள என்ஜிசி 1275-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சூழ்ந்த வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கிறது. அது ஆறி உள்ளே இறங்கினால் நட்சத்திரங்கள் ஏராளமாகப் பிறந்திருக்க வேண்டும். அவ்வளவு பிறக்கவில்லை. சந்திரா எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் படத்தில் அந்த வாயுவில் பெரிய பெரிய குமிழிகளும், அவற்றைச் சுற்றி அலைகளும் தெரிந்தன. ஜெட் ஊதிய குமிழிகள் அவை. வாயுவை ஆறவிடாமல் அவைதான் பார்த்துக்கொள்கின்றன.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: அப்போ அதனால ஒரு நன்மையும் இல்லையா சார்?

உண்டு. அன்று பார்த்த சென்டாரஸ் ஏ-யிலேயே உண்டு. அதன் வடக்கு ஜெட் போகும் பக்கத்தில் ஹைட்ரஜன் மேகம் ஒன்று இருக்கிறது. அங்கே மேகம் நசுங்கி, இளம் நீல நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன. 2015-இல் நாம் ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் அந்தப் பகுதியைப் படம் பிடித்திருக்கிறது.

ஆனி, ஆடிக் காற்றை நினைத்துக்கொள் மக்கா. அதே காற்று பேச்சிப்பாறை மலையில் மோதி மழையாகக் கொட்டுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காய்ந்துபோய் காற்றாலை மட்டும் சுற்றுகிறது. காற்று ஒன்றுதான், எதன்மேல் மோதுகிறது என்பதில்தான் விஷயம். அடர்ந்த குளிர் மேகத்தில் பட்டால் நட்சத்திரம் பிறக்கலாம். மெலிந்த வாயுவில் பட்டால் அது சூடேறிக் கலைந்துபோகும்.

அதே மாணவி: மையம் செயல்படும் கேலக்ஸியில எல்லாம் பிறப்பு குறைஞ்சிருக்குமா?

இல்லை. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது என்பது என் கருத்து. எம் 77 என்ற கேலக்ஸியைப் பார். நடுவிலிருந்து குளிர் வாயு வெளியே அடித்துச் செல்லப்படுகிறது. சற்றுத் தள்ளி ஒரு வளையம் முழுக்க நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. கருந்துளை விழிப்பதும் உறங்குவதும் சில லட்சம் வருடங்களுக்குள்ளேயே நடந்துவிடலாம். ஒரு கேலக்ஸி முழுவதும் பிறப்பு ஓயக் கோடிக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். இன்று எடுத்த ஒரு படத்தை வைத்து கருந்துளைதான் பிறப்பைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது.

மார்த்தாண்டம், ரப்பர் தோட்டக்காரர்: நம்ம பால்வெளியில?

நடுவில் 40 லட்சம் சூரியன் எடையுள்ள கருந்துளை இருக்கிறது. இப்போது உறக்கம். 2010-இல் மேலும் கீழுமாக, ஒவ்வொன்றும் சுமார் 25,000 ஒளியாண்டு நீளமுள்ள காமா கதிர்க் குமிழிகளைக் கண்டுபிடித்தார்கள். முன்பு ஒருமுறை அது விழித்ததன் தடமாக இருக்கலாம்.

பூதப்பாண்டி, பிளஸ் டூ மாணவர்: நானே தேடிப் பார்க்க முடியுமா அண்ணா?

மே மாதம் ராத்திரி பத்து மணிவாக்கில் தெற்கே பார்த்து நில்லு தம்பி. கையை நீட்டி, முஷ்டியை கடல் விளிம்பிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எண்ணு. மூன்றரை முஷ்டி உயரத்தில் மங்கலான பொட்டாகத் தெரிவது ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. அதற்கு நேர் மேலே அரை முஷ்டி தள்ளித்தான் சென்டாரஸ் ஏ. அது வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாகுலர் வேண்டும். டெல்லியில் இது இரண்டு முஷ்டி உயரம்கூட ஏறாது. நமக்கு நாலு முஷ்டி!