விளம்பரத்தின் சொற்களும் நீங்கள் செய்த வேலையும்: ஏஐ உதவியுடன் விண்ணப்பம் தயாரித்தல்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்னை, பெங்களூருவில் உள்ள பன்னாட்டு நிறுவனங்களின் ‘அக்கவுன்ட்ஸ் பேயபிள்’ (சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் செலுத்தும் கணக்குப் பிரிவு) பணியிடங்களுக்கு விண்ணப்பித்தபடியே இருக்கிறேன். ஓர் அழைப்புகூட வரவில்லை. விளம்பரத்தில் உள்ள கீவேர்டுகள் ரெஸ்யூமேயில் இல்லாவிட்டால் கணினியே தள்ளிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதனால் சாட்ஜிபிடியிடம் விளம்பரத்தைக் கொடுத்து, எல்லாச் சொற்களும் வரும்படி எழுதித் தரச் சொன்னேன். அழகாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் நான் தொட்டே பார்க்காத எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருளும் அதில் இடம்பெற்றுவிட்டது. இதை அனுப்பலாமா?

பதில்: இப்போது உள்ள வடிவில் அனுப்ப வேண்டாம். அதே கருவியைக் கொண்டு, நீங்கள் உண்மையாகச் செய்த வேலையை வைத்தே, விளம்பரத்தோடு பொருந்தும் ஒரு ரெஸ்யூமேயைத் தயாரிக்க முடியும். ஆறு ஆண்டு ஏற்றுமதிக் கணக்கு அனுபவம் உள்ளவர் பொய் சேர்க்க வேண்டிய நிலையில் இல்லை. உங்கள் அனுபவம், தேடுபவருக்குப் பழக்கமான பெயரில் எழுதப்படாமல் கிடக்கிறது என்பதே என் கணிப்பு.

முதலில், நிறுவனத்தின் பக்கம் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய நிறுவனங்கள் வொர்க்டே, சக்சஸ்ஃபேக்டர்ஸ் போன்ற மென்பொருள்கள் வழியாக விண்ணப்பங்களைப் பெறுகின்றன. அவை உங்கள் கோப்பைப் பெயர், நிறுவனம், பணிக்காலம், திறன்கள் என்று பிரித்துச் சேமித்துக்கொள்ளும். ஆட்சேர்ப்பு அலுவலர் அந்தக் குவியலுக்குள் சொல்லைத் தட்டித் தேடுவார், வடிகட்டுவார், சில மென்பொருள்களில் பொருத்தத்தின் அடிப்படையில் வரிசைப்படுத்தியும் பார்ப்பார். ஒரு சொல் இல்லை என்பதற்காகவே கணினி தானாக நிராகரிப்பது, பலர் அஞ்சுகிற அளவுக்கு நடப்பதில்லை. தானாக நடக்கும் நிராகரிப்பு பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் நேரடிக் கேள்விகளால்தான் வருகிறது: எத்தனை ஆண்டு அனுபவம், இரவு ஷிஃப்டுக்குச் சம்மதமா, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்பவை அவை. அந்த இடத்தில் எந்தக் கீவேர்டும் உதவாது.

ஆனாலும் சொற்கள் முக்கியமே. நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் நிறுவனங்கள் ‘ரெஸ்டெக்ஸ்’ என்னும் தேடுபொறியில் சொற்களை இட்டுத்தான் ஆட்களைக் கண்டெடுக்கின்றன. தேடும் சொல் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் நீங்கள் அவர்கள் கண்ணிலேயே படமாட்டீர்கள். 2021இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் அக்சென்ச்சர் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், நிபந்தனைகளோடு அப்படியே பொருந்தாத காரணத்தால் தகுதியுள்ள உயர்திறன் பணியாளர்களும் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள் என்பதை 88 சதவீத நிறுவன நிர்வாகிகள் ஒப்புக்கொண்டார்கள். உங்களைப் போன்றவர்கள் எந்த இடத்தில் விடுபட்டுப்போகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

சாட்ஜிபிடி ஏன் எஸ்ஏபியைச் சேர்த்தது? இத்தகைய கருவிகள், ஒரு சூழலில் அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தமானது என்று கணித்து எழுதுகின்றன. அக்கவுன்ட்ஸ் பேயபிள் ரெஸ்யூமே என்றால் எஸ்ஏபியும், ‘செயல்முறை நேரத்தை 30 சதவீதம் குறைத்தேன்’ என்பது போன்ற வரியும் வழக்கமாக வருபவை என்பதால் அவற்றை எழுதிவிட்டது. நீங்களும் ‘எல்லாச் சொற்களையும் சேர்’ என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வேலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாத நிலையில், விளம்பரத்தை மட்டும் பார்த்து அது வேறு எதை எழுத முடியும்?

எனவே வரிசையை மாற்றுங்கள். விளம்பரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வேலையிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இருந்தால் தமிழிலேயே எழுதுங்கள், அல்லது குரல்வழித் தட்டச்சில் பேசிவிடுங்கள். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் மூன்றுக்கும் தமிழ் புரியும். முதல் கட்டளை இப்படி இருக்கலாம்: “நான் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். என் அன்றாட வேலை, வார வேலை, மாத முடிவு வேலை ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் சொல்லாத எதையும் ஊகித்துச் சேர்க்காதே. எண்ணிக்கை தேவைப்படும் இடத்தில் என்னிடம் கேள். நான் தராவிட்டால் காலியாக விடு.” இந்த உரையாடலுக்கு ஒரு மாலைப் பொழுதை முழுமையாக ஒதுக்குங்கள். இதில் கிடைக்கும் குறிப்பே இனி நீங்கள் போடப்போகும் எல்லா விண்ணப்பங்களுக்கும் மூலம்.

எண்ணிக்கையை நினைவிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. டாலி கணக்கு மென்பொருளில் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், எந்த வகை வவுச்சர் எத்தனை பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதில் உங்கள் கையால் சென்ற பங்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ‘மாதம் இத்தனை கொள்முதல் பில்கள், இத்தனை சப்ளையர்கள்’ என்ற உண்மையான எண், ஏஐ கற்பித்துத் தரும் சதவீதத்தைவிட நேர்முகத்தில் உறுதியாக நிற்கும்.

அடுத்த கட்டத்தில் விளம்பரத்தைக் கொடுத்து, ரெஸ்யூமே எழுதச் சொல்லாமல், ஒப்பிட மட்டும் சொல்லுங்கள்: “இந்த விளம்பரம் கேட்கும் ஒவ்வொரு வேலையையும் என் குறிப்போடு ஒப்பிடு. நான் அதே பெயரில் செய்தவை, வேறு பெயரில் செய்தவை, செய்யாதவை என மூன்றாகப் பிரி. ஒவ்வொன்றுக்கும் என் குறிப்பில் உள்ள ஆதார வரியைக் காட்டு.” ஆதார வரியைக் கேட்பதில்தான் முழுப் பயனும் இருக்கிறது; இல்லாத வேலைக்கு வரியைக் காட்ட முடியாமல் போகும்போது பிழை அங்கேயே வெளிப்பட்டுவிடும். வரியைக் காட்டினாலும், அது உங்கள் குறிப்பில் உண்மையிலேயே இருக்கிறதா என்று நீங்களே திரும்பிப் பாருங்கள்.

உங்களுக்குக் கிடைக்கப்போகும் நன்மை பெரும்பாலும் இரண்டாவது பகுதியில், அதாவது வேறு பெயரில் செய்தவற்றில், இருக்கிறது. திருப்பூரில் ‘பில் பாஸிங்’ என்று சொல்கிறோமே, அதை எடுத்துக்கொள்வோம். சாயப்பட்டறையிலிருந்து பில் வந்தால், கொடுத்த ஆர்டரில் உள்ள விலையைப் பார்க்கிறீர்கள். டெலிவரி சலான் (டிசி) எண்ணையும் இன்வேர்டு பதிவில் உள்ள எடையையும் ஒப்பிடுகிறீர்கள். எடை குறைந்திருந்தாலோ துணி ரிஜெக்ட் ஆகியிருந்தாலோ டெபிட் நோட் போட்டுக் கழித்துக்கொண்டு, மீதிக்குப் பில்லைப் பாஸ் செய்கிறீர்கள். கொள்முதல் ஆணை, சரக்கு வரவு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு அனுமதிக்கும் இதே வேலையைத்தான் பன்னாட்டு நிறுவன விளம்பரம் ‘த்ரீ-வே மேட்ச்’ என்கிறது. உங்கள் ரெஸ்யூமேயில் ‘பில் பாஸிங்’ என்று மட்டும் இருந்தால், பெங்களூருவில் அமர்ந்து ‘த்ரீ-வே மேட்ச்’ என்று தேடுபவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

இதேபோல, சப்ளையரிடம் ஸ்டேட்மென்ட் வாங்கி லெட்ஜரோடு ஒத்துப்பார்ப்பது ‘வெண்டர் ரீகன்சிலியேஷன்’. வாரந்தோறும் முதலாளிக்குக் கொடுக்கும் அவுட்ஸ்டாண்டிங் பட்டியலை நாள்வாரியாகப் பிரித்திருந்தால் அது ‘ஏஜிங் ரிப்போர்ட்’. மாதக் கடைசியில் பில் வராத செலவுகளுக்குப் போடும் ப்ரொவிஷன் பதிவு ‘அக்ரூயல்’. ஜிஎஸ்டிஆர்-2பி என்ற ஜிஎஸ்டி அறிக்கையில் உள்ள உள்ளீட்டு வரியைக் கொள்முதல் பதிவோடு ஒப்பிடுவதையும், ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணிக்கு ஐடிசி-04 படிவம் தாக்கல் செய்வதையும் விட்டுவிடாதீர்கள். இந்திய வரிப் பணி அறிந்தவரைத் தேடும் இடங்களில் இவை கைகொடுக்கும். மாறாக டிராபேக் (ஏற்றுமதிக்குச் சுங்க வரியைத் திரும்பப் பெறுதல்), இ-பிஆர்சி (ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று), பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் பெறும் வங்கிக் கடன்) ஆகியவற்றில் உங்களுக்கு எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும், இந்தப் பணியிடத்துக்கு ஒரு வரி போதும். ஏற்றுமதி நிதிப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில் அவற்றை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ரெஸ்யூமேயை மாற்ற வேண்டும் என்று சொல்வது இந்த வரிசை மாற்றத்தைத்தான். உண்மைகள் எல்லா வடிவங்களிலும் ஒன்றாகவே இருக்கும்.

செய்யாதவை என்ற மூன்றாவது பகுதியில் எஸ்ஏபி வரும். அதைப் பயன்படுத்தியதாக எழுதிவிட்டால், நேர்முகத்தில் ‘மிரோவுக்கும் எஃப்பி60க்கும் என்ன வித்தியாசம்?’ என்று ஒரே கேள்வி போதும். இரண்டும் எஸ்ஏபியில் பில்லைப் பதியும் கட்டளைகள்; ஆர்டர் அடிப்படையிலான பில்லுக்கு முதலாவது, ஆர்டர் இல்லாத பில்லுக்கு இரண்டாவது என்பது அதில் வேலை செய்தவர் யோசிக்காமல் சொல்லும் விடை. அதற்குத் திணறினால் உங்கள் உண்மையான ஆறு ஆண்டு அனுபவத்தின் மீதும் சந்தேகம் விழுந்துவிடும். அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ‘டாலி பிரைமில் முழு அனுபவம், எஸ்ஏபி அடிப்படைப் பயிற்சி பெற்று வருகிறேன்’ என்று எழுதலாம், பயிற்சியில் உண்மையிலேயே சேர்ந்திருந்தால் மட்டும். பணிக்காலத்திலும் மாதத்தைக்கூட நீட்ட வேண்டாம். யுஏஎன் (வருங்கால வைப்பு நிதி) கணக்கின் பணி வரலாற்றில் நீங்கள் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றன, பின்னணிச் சரிபார்ப்பில் அதைக் கேட்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பின்பே, “முதல் இரண்டு பகுதிகளை மட்டும் கொண்டு எழுது” என்று கேளுங்கள். முக்கியமான சொற்களை விரிவாக ஒரு முறை, சுருக்கமாக ஒரு முறை வரச் செய்யுங்கள், ஏனென்றால் தேடுபவர் ‘அக்கவுன்ட்ஸ் பேயபிள்’ என்றும் தேடலாம், ‘ஏபி’ என்றும் தேடலாம். திறன் பட்டியலில் ஒரு முறையும், அந்த வேலையைச் செய்த இடத்தை விவரிக்கும் வரியில் ஒரு முறையும் வந்தால் போதும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகக் கீவேர்டுகளை ஒளித்துவைக்கும் உத்தியைத் தயவுசெய்து கையாள வேண்டாம். மென்பொருள் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டும்போது ஒளித்த சொற்கள் அனைத்தும் வெளியே தெரியும். பார்ப்பவர் அதை ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்வார். விண்ணப்பங்களைப் பெறும் மென்பொருளுக்கு (ஏடிஎஸ்) உங்கள் ரெஸ்யூமே எவ்வளவு பொருந்தும் என்று ‘ஏடிஎஸ் ஸ்கோர்’ தரும் இணையதளங்களின் மதிப்பெண்ணையும் துரத்த வேண்டியதில்லை. அந்த மதிப்பெண் நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்குத் தெரியாது. ஒரே ரெஸ்யூமேக்குத் தளத்துக்குத் தளம் வெவ்வேறு மதிப்பெண் வரும்.

கோப்பின் அமைப்பைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப்பில் உள்ள அனைத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்து வந்தாலோ, தொலைபேசி எண் காணாமல் போனாலோ, பக்கவாட்டில் இரண்டு நெடுவரிசையாக உள்ள அமைப்பையும் கட்டங்களையும் நீக்கிவிட்டு ஒரே நெடுவரிசையாக மாற்றுங்கள். நௌக்ரியில் ரெஸ்யூமேயை ஏற்றினால் மட்டும் போதாது. தலைப்பு வரியிலும் ‘கீ ஸ்கில்ஸ்’ பகுதியிலும் அதே சொற்களைத் தனியாக நிரப்ப வேண்டும். நோட்டீஸ் காலத்தை உண்மையாகக் குறிப்பிடுங்கள்.

ஏஐ கருவியில் இடும் குறிப்பில் ஆதார், பான், தொலைபேசி எண், உங்கள் நிறுவனத்திடம் வாங்கும் பையர்களின் பெயர்கள், சப்ளையர் வங்கி விவரம் ஆகியவை இருக்கக் கூடாது. லெட்ஜரை அப்படியே ஏற்றுவது உங்கள் பணி ஒப்பந்தத்தையே மீறுவதாகலாம். ‘ஒரு பெரிய சாயப்பட்டறை’, ‘ஓர் ஐரோப்பிய பையர்’ என்று எழுதினாலே கருவிக்குப் போதும். உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாதிருக்கும் தெரிவு அமைப்புகள் பகுதியில் இருக்கும். தொடங்கும் முன் அதைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

கருவி தந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, ‘இதைப் பற்றி இரண்டு நிமிடம் என்னால் பேச முடியுமா?’ என்று உங்களையே கேளுங்கள். முடியாத வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். அனுப்பிய ரெஸ்யூமேயையும் அந்த விளம்பரத்தின் முழு வாசகத்தையும் ஒரே ஃபோல்டரில், நிறுவனத்தின் பெயரும் தேதியும் இட்டுச் சேமித்துவையுங்கள். விண்ணப்பக் காலம் முடிந்ததும் விளம்பரம் பல தளங்களில் மறைந்துவிடும். அழைப்போ சில வாரங்கள் கழித்து வரலாம், அப்போது எந்த வடிவத்தை அனுப்பினீர்கள் என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.