படிப்பை விட்டு, வழிதவறும் நிலையில் இருக்கும் கிராமத்து இளைஞர்களுக்கான திட்டங்களை எப்படி மேம்படுத்தலாம்?

நடத்துகிற நேரத்தை மாற்றினாலே பாதி சரியாகும். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நண்பர்கள் இரண்டு பேருடன் சேர்ந்து ஆறு வருஷமாக மாலை வகுப்பு நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நாங்களும் முகாம்தான் போட்டோம். 'ஆளுமை வளர்ச்சி' என்று ஒரு ஃபிளெக்ஸ், காலை பத்து மணி, கையெழுத்து நோட்டு, மதியம் தக்காளி சாதப் பொட்டலம். வந்ததெல்லாம் ஏற்கெனவே ஒழுங்காகக் காலேஜ் போகிற பிள்ளைகள். யாருக்காக நடத்தினோமோ, அந்தப் பையன்கள் அந்நேரம் வயலில் டிராக்டரிலோ கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்கு அடியிலோ இருந்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் வாய்க்கால் மதகில் வந்து உட்காருவார்கள். அங்கே போய்ப் பேசலாம் என்று எங்களுக்குத் தோன்றவே ஒரு வருஷம் ஆனது.

டெல்டாவில் பையன்கள் கைநழுவிப் போவது பெரும்பாலும் மேக்கும் ஜூலைக்கும் நடுவில். மேயில் பத்தாம் வகுப்பு ரிசல்ட். ஒரு பாடம் போனால் துணைத்தேர்வு எழுதலாம். ஆனால் விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம், தேர்வோ ஜூலை வாக்கில். இதற்கிடையில் ஜூன் 12 மேட்டூர் அணை திறந்தால் (திறக்கிற வருஷத்தில்!) குறுவை வேலை சூடுபிடிக்கும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டரில் ஏறிச் சேறு கலக்குகிற 16 வயசுப் பையன், முதல்முறையாகச் சொந்தக் கூலியை எண்ணுகிறான். அப்புறம் அல்ஜீப்ரா எங்கே ஏறும்? கூலி வருகிற கையோடு பாட்டில் வாங்கித் தரச் சொல்கிற கூட்டாளிகளும் வந்துவிடுவார்கள்.

அப்படி ஒருவனை ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்க்க முயன்றோம். அதற்கு எட்டாம் வகுப்பே போதும், ஒரு வருஷப் படிப்பு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இன்னொரு 1000. அவன் அம்மாவுக்கு இதைப் புரியவைக்கவே மூன்று நாள். கடைசியில் கவுத்தது போன் நம்பர். விண்ணப்பத்தில் அவனுடைய அண்ணன் நம்பரைக் கொடுத்திருந்தோம்; அண்ணனோ திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஷிப்டில். கலந்தாய்வுக்கு அழைத்த குறுஞ்செய்தியை அவர் பார்த்தபோது தேதி தாண்டிவிட்டது. தப்பு எங்களுடையதுதான், கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதனால் புதுத் திட்டம் கேட்க மாட்டேன். 2022இல் வந்த 'நான் முதல்வன்' என்ற அரசுத் திறன் பயிற்சித் திட்டம் நல்லதுதான், ஆனால் அது பள்ளி, கல்லூரிக்குள் இருப்பவனைத்தான் முதலில் எட்டுகிறது. வெளியே போனவனுக்கு ஓர் ஆள் வேண்டும். ரிசல்ட் அன்றே ஊராட்சி வாரியாகத் தேறாதவர்கள் பட்டியலை வாங்கிக்கொண்டு மதகுக்குப் போகிற ஆள். டி.சி., சாதிச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பையனோடு பஸ் ஏறுகிற ஆள். பதினைந்து, இருபது பையன்களுக்கு ஒருவர் என்றால் சமாளிக்கலாம். எங்களால் அதற்கு மேல் முடியவில்லை. எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்ற கணக்கை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம்.

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. எனக்கு அவ்வளவு அனுபவம் இல்லை. பதினெட்டு வயதுக்குள் கல்யாணப் பேச்சு அடிபட்டால் மட்டும் யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.

அந்தப் பையன் அண்ணனோடு திருப்பூர் போய்விட்டான். போன தீபாவளிக்கு வந்தவன் மதகில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, வெல்டிங் இனிமே சேர முடியாதுல்ல?" என்றான். ஆண்களுக்கு 40 வயசு வரைக்கும் சேரலாம்டா என்றேன். நம்பாமல் சிரித்தான். கிளம்பும்போது என் நோட்டை வாங்கி நம்பர் எழுதினான். இந்தத் தடவை அவனுடையது.