220-க்குச் செய்த ரேடியோ, 250 வோல்ட் வீடு

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாத்தா வைத்திருந்த 1950-களின் ஜெர்மன் வால்வு ரேடியோ. பின்பக்கம் 110, 125, 220 என்று மூன்றே எண்கள்தான். எங்கள் வீட்டில் இரவில் 250 வோல்ட் வரை ஏறுகிறது. மெக்கானிக் செலினியம் ரெக்டிஃபயரை (ஏசியை டிசியாக்கும் பாகம்) எடுத்துவிட்டு சிலிக்கான் டயோடு போட்ட பிறகு பாட்டு கணீரென்று கேட்கிறது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் கை வைக்க முடியவில்லை. ஸ்டெபிலைசர் வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். சாதாரண ரிலே ஸ்டெபிலைசர் டக் டக்கென்று படிப்படியாகத்தான் மாறும். அதன் அவுட்புட்டும் 230-ஐ ஒட்டியே இருக்கும். உங்களுக்கு வேண்டியது 220.

முதலில் மீட்டரை எடுங்கள். 220-க்கு 250 கொடுத்தால் உள்ளே எல்லாமே 13.6 சதவீதம் ஏறும். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.16 போகும். பத்து சதவீதம் கூடினாலே வால்வின் ஆயுள் குறையத் தொடங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் திணறும், அதனால்தான் சூடும் உறுமலும்.

உங்கள் செட்டில் இன்னொரு சங்கடம், அந்த சிலிக்கான் டயோடு. பழைய செலினியம் தன்னளவில் இருபது, முப்பது வோல்ட்டைத் தின்றுவிடும். சிலிக்கான் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் தின்னாது. டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுருள், அதாவது செகண்டரி, 250 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 220-ல் அதன் உச்சம் 353, உங்கள் வீட்டு இரவில் 400-ஐத் தாண்டும். வால்வுகள் சூடாகும்வரை கரண்ட் இழுக்க ஆளே இல்லை, அந்த 400-ம் அப்படியே டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் தலையில். பழசில் 350 என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள், 450 வோல்ட் போடுங்கள்.

மெயின்ஸை, அதாவது வீட்டு மின்சாரத்தை, குறைக்க நான் சொல்வது 12-0-12 (நடு வயருக்கு இருபுறமும் 12, மொத்தம் 24 வோல்ட்), 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர். எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அதன் உள்ளீட்டுச் சுருளான பிரைமரியை மெயின்ஸ் குறுக்கே கொடுத்து, நடு வயரைத் தனியாக மூடி, இரண்டு 12 முனைகளையும் ரேடியோவுக்குப் போகும் ஃபேஸ் வயரின் நடுவே எதிர்த்திசையில் சேர்க்க வேண்டும். அந்த 24 வோல்ட் 230-க்குச் சொன்னது, 250-ல் அது 26 ஆகும்; 250-ல் 26 கழிந்து 224 கிடைக்கும். ரேடியோ இழுப்பது 50 வாட் அளவுதான், கால் ஆம்பியர்கூட வராது. முதலில் ரேடியோவை மாட்டாமல் அளந்து பாருங்கள். 276 காட்டினால் செகண்டரி முனைகளை இடம் மாற்ற வேண்டும். மூடிய பெட்டியும் அரை ஆம்பியர் ஃபியூஸும் கட்டாயம். வயரிங் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். மின்சாரம் 230-க்கு இறங்கும் நேரத்தில் ஹீட்டருக்கு 5.9 கிடைக்கும், அது போதும்.

குமிழைத் திருகி வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டும் வேலை செய்யும். ஆனால் வீட்டில் யாராவது விளையாட்டாகக் குமிழைத் திருகினால் போச்சு.

பிறகு டயோடு. அதற்கும் முதல் ஃபில்டர் கண்டென்சருக்கும் நடுவே 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட்டுத் தொடங்குங்கள். வால்வுகள் சூடான பின், சர்க்யூட் படத்திலுள்ள வோல்டேஜ் வரும்வரை அதைக் கூட்டிக் குறைக்கலாம்.

சூட்டுக்கு வோல்டேஜ் மட்டுமே காரணம் என்று நம்பிவிட வேண்டாம். ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் (பெரும்பாலும் ஈஎல்84) கிரிட்டுக்கு, அதாவது சிக்னல் நுழையும் முனைக்கு, போகும் மெழுகுக் கண்டென்சர் கசிந்தாலும் இதே கதைதான். அந்த கிரிட்டில் துளி பாசிட்டிவ் வோல்டேஜ் தெரிந்தாலும் கண்டென்சரைத் தூக்கி எறியுங்கள். ரேடியோ மெக்கானிக்குகள் சத்தம் இல்லாவிட்டால்தான் இதைத் தேடுவார்கள், பாட்டு நன்றாக வந்தால் விட்டுவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வால்வுகளின் பெயர் யூ எழுத்தில் தொடங்கினால் அது ஏசி/டிசி செட், சேஸியே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலே சொன்ன இணைப்பு வோல்டேஜைக் குறைக்குமே தவிர ஷாக்கைத் தடுக்காது. உங்களுடையது டிரான்ஸ்ஃபார்மர் செட் போலத் தெரிகிறது, பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை; ஆனாலும் சேஸி மெயின்ஸோடு சேரவில்லை என்று மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் எப்போதாவது 270, 280 என்று காட்டினால் மட்டும் ரேடியோவை அல்ல, மெயினையே அணைத்துவிட்டு ஈபி ஆபீசுக்குப் போன் செய்யுங்கள். அது நியூட்ரல் கழன்றிருப்பதாக இருக்கலாம்.