அபிஷேகம் பெற்றவரிடம் கணக்குக் கேட்கலாமா?

அன்புள்ள அண்ணா, ஸ்தோத்திரம். எனக்கு 26 வயது. பதினொரு வருடமாகக் குடும்பமாக ஒரு சுயாதீன சபைக்குப் போகிறோம். எனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்டரிடம் சொன்னபோது, "கர்த்தர் எனக்கு இன்னும் காட்டவில்லை, என் கவரிங்கை, அதாவது ஆவிக்குரிய மூடுதலை, விட்டுப் போனால் பாதுகாப்பு இருக்காது" என்றார். போன மாதம் அப்பா கட்டிட நிதிக் கணக்கைக் கேட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கமே 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்' என்பதுதான். அம்மா பயந்துபோய் அழுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். அடங்கியிருப்பது என்றால் இதுதானா?
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை, இதுவல்ல. அம்மாவின் அழுகையைப் படித்ததிலிருந்து மனது ஆறவே இல்லை, அதனால் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிரசங்க வசனம். சங்கீதம் 105-ஐ அம்மாவோடு உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். அங்கே 'தொடாதே' என்று யாரிடம் சொல்லப்படுகிறது? ராஜாக்களிடம். கொஞ்சம் பேராக, சொந்த நிலம் இல்லாமல் ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் குடும்பத்துக்காக, அதிகாரம் உள்ளவனைப் பார்த்துச் சொன்னது அது. அதை மேடையில் இருக்கிறவர், கீழே பாயில் உட்கார்ந்து கணக்குக் கேட்ட உங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னால் வசனம் தலைகீழாகிவிடுகிறது. தன்னைக் கொல்லத் துரத்திய ராஜா சவுலை, அவரும் அபிஷேகம் பெற்றவர் என்பதால், தாவீது கொல்லவில்லை, சரி. ஆனால் தூரத்தில் நின்று, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று சத்தமாகவே கேட்டான், திரும்ப அரண்மனைக்குப் போய்ச் சேரவும் இல்லை. பிறகு அபிஷேகம் பெற்ற அதே தாவீது தவறியபோது தீர்க்கதரிசி நாத்தான் நேரே வந்து "நீயே அந்த மனுஷன்" என்றான். இஸ்ரவேலை நடத்திய தீர்க்கதரிசி சாமுவேலோ வயதான காலத்தில் ஜனங்களுக்கு முன்னால் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், சொல்லுங்கள் என்று தானே கேட்டார்.

எபிரெயர் 13:17 அடங்கியிருக்கத்தான் சொல்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அதே வசனம் நடத்துகிறவர்களை "உத்தரவாதம்பண்ணுகிறவர்கள்" என்கிறது, அதாவது பதில் சொல்ல வேண்டியவர்கள். உங்கள் பாஸ்டர் யாருக்குப் பதில் சொல்கிறார்? இதை நான் கோபத்தில் கேட்கவில்லை.

அப்புறம் இந்தக் 'கவரிங்'. 1970-களில் அமெரிக்காவில் ஃபோர்ட் லாடர்டேலில் ஐந்து போதகர்கள் சேர்ந்து இதைப் பெரிதாகப் பரப்பினார்கள். ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு மேய்ப்பன், வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் அவரைக் கேட்டுத்தான், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் அவருக்குத்தான். குடும்பங்கள் நொறுங்கின. அந்த ஐவரில் ஒருவரான டெரிக் பிரின்ஸ் 1980-களில் விலகிக்கொண்டார், இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட் 1989-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆரம்பித்தவர்களிலேயே இருவர் விட்டுவிட்ட ஒன்றுக்காக உங்கள் அம்மா இன்றைக்கு அழுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் அப்பா எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் கீழுள்ள திருச்சபையில், பொருளாளராக இருந்தார். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி அறை மேஜையில் காணிக்கைப் பைகளைக் கவிழ்த்து, அப்பாவும் இன்னொருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவார்கள். ஒரு ஞாயிறு நோட்டில் எழுதியதற்கும் கையில் இருந்ததற்கும் இரண்டு ரூபாய் வித்தியாசம். மத்தியானம் இரண்டு மணி வரை திரும்பத் திரும்ப எண்ணினார்கள். நான் பசியோடு வாசலில் நின்றேன். குருவானவரும் சாப்பிடப் போகாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், காசைத் தொடவில்லை. அவர் சொன்னால் ஊரே கேட்கும், அப்பாவும் கேட்பார். அப்படிக் கமிட்டி வைத்து நடக்கும் சபைகளிலும் இன்று தேர்தல் சண்டை, கோர்ட் வழக்கு எல்லாம் உண்டு, கமிட்டி இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும், பவுலே எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோனபோது தனியாகப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரும் கூடப் போனார்.

உங்கள் வேலைக்காக ஜெபிப்பதும் புத்தி சொல்வதும் பாஸ்டருக்கு உரியது, தீர்மானம் உங்களுடையது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் இன்றே கம்பெனிக்கு எழுதிவிடுங்கள். பிறகு பாஸ்டரைப் போய்ப் பாருங்கள், தனியாக வேண்டாம், அப்பாவோடும் சபையில் பெரியவர் ஒருவரோடும் போங்கள். பதினொரு வருட அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, கட்டிட நிதிக் கணக்கை எந்தத் தேதியில் சபைக்கு வாசிப்பீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.