வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: எஃப்-1 விசாவில் அமெரிக்காவுக்கு முதுகலை படிக்கப் போகிறேன் சார். விசா நேர்காணலில் காப்பீடு பற்றிக் கேட்கவே இல்லை. அப்படியென்றால் கட்டாயம் இல்லைதானே?

பதில்: எஃப்-1 மாணவர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு விதி எதுவும் வைக்கவில்லை. அதனால்தான் கேட்கவில்லை. ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தாமே அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பருவக் கட்டணத்தோடு பிரீமியமும் தானாக ஏறிவிடும். கட்டாமல் விட்டால் கணக்கில் ‘ஹோல்ட்’ விழும், அடுத்த பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்ய முடியாது.

பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கான ஜே-1 விசாவுக்குத்தான் அரசு விதி உண்டு. ஒவ்வொரு நோய்க்கும் அல்லது விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக நாடு திரும்பக் கொண்டுசெல்ல 50,000 டாலர், இறக்க நேர்ந்தால் உடலை அனுப்ப 25,000 டாலர் என்று பாலிசி தர வேண்டும். டிடக்டிபிள், அதாவது முதலில் உங்கள் கையிலிருந்து போகும் தொகை, ஒரு நோய்க்கோ விபத்துக்கோ 500 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஜே-2 விசாவில் உடன் வரும் கணவன், மனைவி, குழந்தைகளுக்கும் இதே அளவு வேண்டும். வேண்டுமென்றே எடுக்காமல் இருந்தால், உங்களை அழைத்த நிறுவனம் திட்டத்திலிருந்து நீக்கியே ஆக வேண்டும்.

கேள்வி: பல்கலைக்கழகத் திட்டத்தின் பிரீமியத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. வெளியே மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒரு திட்டம் கிடைக்கிறது, ‘ஜே-1 விதிக்கு உட்பட்டது’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்து, பல்கலைக்கழகத் திட்டத்திலிருந்து வேவர் (விலக்கு) வாங்கலாமா?

பதில்: இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், பணம் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அரசு கேட்பது வேறு, பல்கலைக்கழகம் கேட்பது வேறு. மேலே சொன்ன 1,00,000 டாலர் ஒரு குறைந்தபட்ச அளவு, அவ்வளவுதான். வேவர் தரும் பல்கலைக்கழகங்கள் அதைவிட நிறைய எதிர்பார்க்கும். எனவே விளம்பர வாசகத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் வேவர் நிபந்தனைப் பட்டியலை எடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு வேவரே தருவதில்லை, அதையும் அதிலேயே பார்த்துவிடலாம். பிறகு வாங்க நினைக்கும் பாலிசியின் முழு ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்க விளம்பரத் தாள் போதாது.

அந்த ஆவணத்தில் முதலில் படிக்க வேண்டியது ‘விலக்குகள்’ பகுதி. முன்பே உள்ள நோய்களுக்குப் பணம் உண்டா? மனநலச் சிகிச்சை, மகப்பேறு, விளையாட்டுக் காயம், மருந்துச் சீட்டு மருந்துகள் எல்லாம் இருக்கின்றனவா? ஒவ்வொன்றும் தனி உச்சவரம்பு இல்லாமல் கிடைக்கிறதா? கல்வியாண்டின் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை இடைவெளி இல்லாமல் ஓடுகிறதா? கிளெய்ம் அலுவலகம் அமெரிக்காவில் இருக்கிறதா? இவற்றில் ஒன்று ‘இல்லை’ என்று வந்தாலும் வேவர் மறுக்கப்பட வாய்ப்பு அதிகம். பயணக் காப்பீடு பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். அது திடீர் நோய்க்கும் விபத்துக்கும் என்று எழுதப்பட்டது, ஒரு வருடம் தங்கிப் படிப்பவரின் வழக்கமான மருத்துவத் தேவைக்காக அல்ல.

இன்னொரு வகையிடம் கூடுதல் கவனம் தேவை. ‘டாக்டரைப் பார்க்க இவ்வளவு, அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு’ என்று நிலையான தொகை தரும் திட்டங்கள் உண்டு. பில் எவ்வளவு வந்தாலும் அவர்கள் தருவது அந்தத் தொகை மட்டுமே, மீதி முழுவதும் உங்கள் தலையில்தான். அட்டையில் பெரிய எண் அச்சிட்டிருக்கும், ஆனால் அது நீங்கள் நினைக்கும் பொருளில் வராது. இந்த வகையை எடுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: வேவர் மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. ஏற்கெனவே வெளித் திட்டத்துக்குப் பணமும் கட்டிவிட்டேன்.

பதில்: நிராகரிப்புக்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். ஆவணக் குறை என்றால், அதாவது தேதி இல்லை, ஆங்கிலத்தில் இல்லை, தொகை டாலரில் இல்லை என்றால், காப்பீட்டு நிறுவனத்திடம் புதுக் கடிதம் வாங்கிக் கெடு முடியும் முன் திரும்ப அனுப்பலாம். பயன்கள் போதாது என்று சொல்லியிருந்தால் வாதாடி நாளை வீணாக்காதீர்கள். வெளித் திட்டத்தை ரத்து செய்து, எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று அன்றே கேளுங்கள். பாலிசி தொடங்கும் தேதி தாண்டிவிட்டால் பல நிறுவனங்கள் முழுத் தொகையைத் தருவதில்லை. வேவர் ஒப்புதல் கிடைத்த பிறகு தொடங்கும்படி தேதி போட்டு வாங்குவது நல்லது என்று சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: டிடக்டிபிள், கோ-இன்ஷூரன்ஸ், நெட்வொர்க் என்று குழப்புகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

பதில்: டிடக்டிபிள் என்பது காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் உங்கள் கையிலிருந்து போகும் தொகை. அதற்கு மேல் வரும் செலவில் உங்கள் சதவீதப் பங்குதான் கோ-இன்ஷூரன்ஸ். காப்பீட்டு நிறுவனத்தோடு கட்டண ஒப்பந்தம் போட்டிருக்கும் மருத்துவமனைகளும் மருத்துவர்களும்தான் நெட்வொர்க்.

ஒரு சிகிச்சைக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட கட்டணம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடக்டிபிள் 500, உங்கள் பங்கு 20 சதவீதம். முதலில் 500 கட்டுகிறீர்கள். மீதி 4,500-ல் 20 சதவீதம் 900. ஆக மொத்தம் 1,400.

அதே சிகிச்சையை நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையில் எடுத்தால் கணக்கே மாறிவிடும். அவர்கள் 9,000 டாலர் பில் போடலாம், உங்கள் நிறுவனமோ 5,000 வரைதான் ஏற்கும். நெட்வொர்க்குக்கு வெளியே டிடக்டிபிள் 1,000, பங்கு 40 சதவீதம் என்று இருந்தால் 1,000 + 1,600 = 2,600. ஏற்காமல் விட்ட 4,000-ஐயும் மருத்துவமனை உங்களிடமே கேட்கும். மொத்தம் 6,600.

அதனால் அவசரம் இல்லாத எதற்கும் முதலில் பல்கலைக்கழகச் சுகாதார மையத்துக்குப் போங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் இல்லாமல் வெளியே போனால் குறைவாகவே பணம் தரும் திட்டங்களும் உண்டு. வெளி மருத்துவரிடம் போகும் முன், ‘எங்கள் காப்பீட்டை ஏற்கிறீர்களா’ என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘இந்தத் திட்டத்தின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா’ என்று திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இதெல்லாம் பார்க்க வேண்டாம், 911-ஐ அழையுங்கள்.

கேள்வி: பிரிட்டனில் ஒரு வருட முதுகலை. விசா மனுவிலேயே ஐ.ஹெச்.எஸ். என்று பெரிய தொகை கேட்கிறது. 776 பவுண்டுதானே, ஏன் 1,164 காட்டுகிறது?

பதில்: ஐ.ஹெச்.எஸ். என்பது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, 2024 பிப்ரவரி முதல் இந்த விகிதம். ஆனால் கணக்கு விசா நாட்களுக்கு, படிப்பு நாட்களுக்கு அல்ல. 12 மாதப் படிப்புக்கு முன்னால் 1 மாதமும் பின்னால் 4 மாதமும் சேர்த்து 17 மாத விசா வரும். ஒரு வருடத்துக்கு 776, மிச்சம் 5 மாதத்துக்கு அரை ஆண்டுத் தொகை 388. கூட்டினால் 1,164. விசா மறுக்கப்பட்டால் திரும்ப வந்துவிடும். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கும் பல், கண் சிகிச்சைக்கும் தனியே செலவு உண்டு.

கேள்வி: ஜெர்மனி போகிறேன், வயது 26. ஏஜென்ட் ஒருவர் தனியார் காப்பீடு மலிவு, அதையே எடுத்துக்கொள் என்கிறார்.

பதில்: அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 30 வயதுக்குள் இருப்பவர் அரசுச் சட்டக் காப்பீட்டில், அதாவது சட்டப்படி நடக்கும் பொது மருத்துவக் காப்பீட்டில், மாணவர் விகிதத்தில் சேரலாம். தனியாரை எடுத்தால் சட்டக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்கைப் படிப்பு முடியும் வரை திரும்பப் பெற முடியாது. நடுவில் பெரிய நோய் வந்து, தனியார் நிறுவனம் பணம் தர மறுத்தாலும் திரும்பிப் போக வழி இல்லை. வேறு நாட்டில் எடுத்த காப்பீடாக இருந்தாலும் பல்கலைக்கழகத்தில் சேர, சட்டக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று உங்கள் நிலையை மின்னணு முறையில் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எம்10 என்று சொல்வது அதைத்தான். 30 தாண்டியவர்களுக்கு மாணவர் விகிதம் பொதுவாகக் கிடைக்காது, அவர்கள் கணக்கு வேறு.

கேள்வி: மகள் ஆஸ்திரேலியா போகிறாள். சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. காப்பீட்டு விண்ணப்பத்தில் சொன்னால் மறுத்துவிடுவார்களோ? சொல்லாமல் விடலாமா சார்?

பதில்: மறைக்க வேண்டாம் அம்மா. அங்கே மாணவர் விசாவுக்கு ஓ.எஸ்.ஹெச்.சி. எனும் வெளிநாட்டு மாணவர் மருத்துவக் காப்பீடு கட்டாயம், விசா நாட்கள் முழுவதும் அது இருக்க வேண்டும். முன்பே உள்ள உடல்நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம், மனநலப் பிரச்சினைக்கு 2 மாதம். அந்த நாட்களில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தால் நிறுவனத்தின் மருத்துவர் பழைய பதிவுகளைக் கேட்பார். அந்தக் கிளெய்முக்குப் பணம் வராமல் போகலாம், மறைத்தது தெரிந்தால் அடுத்த கிளெய்மையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

புறப்படும் முன் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்துகளின் வேதிப் பெயர், அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். இன்ஹேலர்களை அசல் பெட்டியோடு கைப்பையில் வைத்து அனுப்புங்கள்.

கேள்வி: கல்லூரிக் காப்பீடு ஆகஸ்ட் 15-ல் தொடங்குகிறது. நான் 3-ஆம் தேதியே போய் இறங்குகிறேன்.

பதில்: நடுவே உள்ள நாட்களுக்கு ஒரு குறுகிய காலப் பயணக் காப்பீடு எடுங்கள். பயணக் காப்பீடு சரியாகப் பொருந்தும் இடம் இதுதான். முடிவுத் தேதியை 15-க்கு இரண்டு நாள் தள்ளியே போடுங்கள், விமானம் தாமதமானாலும் சேர்க்கைப் பதிவு தள்ளிப்போனாலும் இடைவெளி விழாது.

கேள்வி: அமெரிக்காவில் சிகிச்சை முடிந்து மருத்துவமனை பில் வந்துவிட்டது. காப்பீடு இருந்தும் முழுத் தொகை கேட்கிறார்கள். உடனே கட்டிவிடவா?

பதில்: கட்டாதீர்கள், தூக்கியும் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ‘பயன் விளக்க அறிக்கை’ ஒன்று வரும், இ.ஓ.பி. என்பார்கள். நீங்கள் தர வேண்டிய தொகை அதில் இருக்கும். பில்லும் அதுவும் ஒத்துப் போகும் வரை காத்திருங்கள். அந்த அறிக்கை வரவே இல்லை என்றால், மருத்துவமனை உங்கள் அடையாள எண்ணைத் தவறாகப் பதிந்து கிளெய்மே போகாமல் இருக்கலாம். மருத்துவமனையின் பில்லிங் பிரிவை அழைத்து எண்ணைத் திருத்தி, திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். விபத்தா, வேறு காப்பீடு இருக்கிறதா என்று நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியிருக்கும். அதற்குப் பதில் போடாததாலும் பல கிளெய்ம்கள் நின்றுவிடுகின்றன.

கிளெய்மை மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்கச் சுகாதாரச் சட்டத்துக்கு உட்பட்ட திட்டங்களில் மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம். மருத்துவரிடம், இந்தச் சிகிச்சை ஏன் தேவைப்பட்டது என்று கடிதம் வாங்கி இணையுங்கள். அதன் பிறகும் தொகை தாங்க முடியாததாக இருந்தால், அது லாப நோக்கற்ற மருத்துவமனையா என்று பாருங்கள். வரிவிலக்குப் பெற்ற அத்தகைய மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: மே மாதம் பட்டம். ஓ.பி.டி.-யில், அதாவது படிப்புக்குப் பிறகு எஃப்-1 மாணவருக்குக் கிடைக்கும் பயிற்சி வேலை அனுமதியில், வேலை தேடும் காலத்தில் கல்லூரிக் காப்பீடு தொடருமா?

பதில்: சில பல்கலைக்கழகங்களில் பாலிசி ஆண்டு முடியும் வரை ஓடும், சிலவற்றில் பருவத்தோடு நின்றுவிடும். முடியும் தேதியை மார்ச்சிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு நின்றால், அமெரிக்க அரசின் காப்பீட்டுச் சந்தையில் சேர 60 நாள் சிறப்பு அவகாசம் கிடைக்கும், எஃப்-1 நிலையில் இருப்பவர்களும் அங்கே திட்டம் வாங்கலாம். காப்பீடு முடிந்ததற்கான கடிதத்தைக் கல்லூரியிடம் கேட்டு வாங்கி வையுங்கள், விண்ணப்பத்தில் சான்றாக அதைத்தான் கேட்பார்கள்.